தட்டிப்போட்டு நில்லுங்கோ

எங்கட மருமகளுக்கு ஒன்பது வயது. போன ஆவணியில் அவளுக்கென்று ஒரு அறை கிடைத்தது. அந்த அறைக் கதவில் தொங்கவிட, நாங்கள் இரண்டு மாமிமாரும் சேர்ந்து ஒரு பெயர்ப்பலகை செய்துகொண்டு போனோம். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். "வடிவா இருக்கு மாமி" என்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே வைத்தாள். மூன்று நாள் நாங்கள் அங்கே நின்றோம். பலகை அலுமாரிக்கு மேலேயே கிடந்தது.

அவளின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏன் என்பது வாசித்து முடிக்கும்போது விளங்கும்.

நாங்கள் என்றால் ஒரு அக்காவும் ஒரு தங்கச்சியும். மூத்தவள் கொழும்பில் வேலை செய்கிறாள். இளையவள் யாழ்ப்பாணத்தில் படிக்கிறாள். அண்ணா, அண்ணி, அம்மா, மருமகள் நாலு பேரும் இருப்பது கிளிநொச்சிப் பக்கம், வீட்டுத்திட்டத்தில் கட்டின வீட்டில். ஒரு ஹோல், ரெண்டு அறை, ஒரு குசினி, முன்னுக்குச் சின்ன விறாந்தை. வடக்கில் இருக்கிற ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 550 சதுர அடி எண்டு சொன்னாலே வீடு கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

கட்டம் கட்டமாக வந்த காசு அத்திவாரம், சுவர், கூரை, வெளிக்கதவு வரைக்கும் தாங்கியது. உள்கதவுக்கு வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நிலையை மட்டும் வைத்துவிட்டு, மேலே ஒரு கம்பியைக் கட்டி, அம்மாவின் பழைய சேலை ஒன்றை ரெண்டாகக் கிழித்துத் தொங்கவிட்டோம். "பிறகு பாப்பம்" எண்டுதான் சொன்னது. பத்து வருசத்துக்கு மேல் அந்தச் சேலைதான் கதவு.

ரெண்டாவது அறை பேருக்குத்தான் அறை. அதற்குள் நெல்லு மூட்டை, உரப் பை, தண்ணி இறைக்கிற மெஷின், ஒரு பழைய சைக்கிள். அந்தச் சாமான்களுக்கு இடையில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கேதான் மருமகள் அம்மாவோடு படுத்தாள்.

போன வருசம் காற்றுக்கு வளவில் நின்ற பெரிய வேம்பு சாய்ந்துவிட்டது. அண்ணா அதை மரக்காலைக்குக் கொண்டுபோய் அரிந்து, சில மாதம் நிழலில் அடுக்கிக் காயவிட்டு, ஓடாவியாரைக் கூப்பிட்டு ரெண்டு கதவு செய்வித்தார். மூட்டைகளும் மெஷினும் பின்பக்கம் தகரக் கொட்டிலுக்குப் போயின. அம்மா ஹோலுக்கு மாறினா. காரணம் வேறொன்றும் இல்லை, புலமைப்பரிசில் பரீட்சை. அடுத்த வருசம் அஞ்சாம் ஆண்டு. "பிள்ளை இருந்து படிக்க ஒரு இடம் வேணும்" எண்டு அண்ணி சொன்னா. அறை கிடைத்தது படிப்புக்காக, பிள்ளைக்காக இல்லை. இதையும் நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

நாங்கள் யோசித்தது பெயர்ப்பலகை பற்றி மட்டும்தான். இளையவள் போனில் நூறு படம் பார்த்துவிட்டாள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் அறைக் கதவுகளில் தொங்குகிற வட்டப் பலகைகள், மேலே றிபன், நடுவில் பேர், ஓரத்தில் பூ. யாழ்ப்பாண ரவுணில் ஃபான்சிக் கடையில் மெல்லிய பலகையில் வெட்டின வட்டமும், மரத்தில் வெட்டின எழுத்துகளும் வாங்கலாம். ஆனால் எழுத்து ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழ் எழுத்து இருக்கா எண்டு கேட்டதுக்கு, கடையில் நின்ற தம்பி "அதெல்லாம் ஆர் அக்கா கேக்கினம்" என்றான். நாங்களும் கேட்காத ஆக்கள் மாதிரியே அவளின் பேரை ஆங்கில எழுத்தில் பொறுக்கி எடுத்தோம். ரோஸ் கலர் அடித்து, எழுத்துகளைப் பசையால் ஒட்டி, ஓரத்தில் மினுக்கம் தூவினோம். மூத்தவள் கொழும்பிலிருந்து சாட்டின் றிபன் வாங்கி வந்தாள். எல்லாமாக ஒரு நாள் வேலை. குடும்ப வைபர் குரூப்பில் படம் போட்டோம். கனடா, லண்டன், சுவிஸ் எல்லாப் பக்கத்திலிருந்தும் இதயம் இதயமாக வந்தது.

அந்தப் பலகைதான் அலுமாரிக்கு மேலே போனது.

மூன்றாம் நாள் பின்னேரம் கேட்டோம். "ஏன் குஞ்சு, பிடிக்கேல்லையா?"

"பிடிச்சிருக்கு."

"அப்ப ஏன் கொழுவேல்ல?"

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னாள். "என்ர பேர் இஞ்ச எல்லாருக்கும் தெரியும்தானே மாமி. ஏன் கதவில எழுதுவான்?"

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. உண்மைதான். நாலு பேர் இருக்கிற வீட்டில், ஒரே ஒரு பிள்ளையின் அறையில், அவளின் பேரை ஆருக்கு அறிவிக்கிறோம்? சரி, அப்ப என்ன எழுதினால் கொழுவுவாய் எண்டு கேட்டோம். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி உடனே சொன்னாள்.

"தட்டிப்போட்டு நில்லுங்கோ எண்டு எழுதுங்கோ."

"தட்டிப்போட்டு வாங்கோ எண்டா?"

"இல்லை. வாங்கோ எண்டு நான் சொல்லுவன். அதுமட்டும் நில்லுங்கோ."

ஏன் இப்படி எண்டு கேட்டோம். கேட்டிருக்கக்கூடாது என்று இல்லை, ஆனால் பதிலுக்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை.

"நீங்கள் அண்டைக்கு வீடியோ எடுத்தனீங்கள்தானே."

எடுத்தோம்தான். சித்திரை வருசப்பிறப்புக்கு நாங்கள் வீட்டில் நின்றபோது. அப்போது கதவு இல்லை, சேலைதான். அவள் உள்ளே தனியே விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணியின் துவாயைத் தலையில் கட்டி, அதை நீளத் தலைமயிராக முன்னுக்குப் போட்டு, ரிவி பாட்டுப் போட்டியில் வாற மாதிரித் தானே பாடி, பிறகு கட்டிலின் மற்றப் பக்கம் போய் இருந்து தானே நடுவராகி மார்க் போட்டாள். ஒரு நடுவர் நல்லவ, மற்றவர் கோபக்காரர். நாங்கள் சேலையின் ஓரத்தைக் கொஞ்சம் விலக்கி, போனை மட்டும் உள்ளே நீட்டி, நாற்பது செக்கன் எடுத்தோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு இரவே அது வைபர் குரூப்பில். அடுத்த நாள் வீடியோ கோலில் ஒரு மாமா "எங்க நடுவர் அம்மா, ஒருக்கா பாடிக் காட்டுங்கோ பாப்பம்" என்றார். அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். வெக்கம் எண்டு எல்லாரும் சிரித்தோம்.

நாலு மாதம் கழித்து அவள் எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "நான் பாக்கச் சொல்லேல்லையே."

அன்றிரவு நாங்கள் ரெண்டு பேரும் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தோம். நெடுநேரம் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவில்லை.

பேர் எழுதின பலகை மேல் எங்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை எண்டு இப்போது சொல்ல வேண்டும். 2009இல் மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, இளையவளுக்கு ஒன்பது. இப்போது மருமகளுக்கு இருக்கிற வயது. வவுனியா மாவட்டத்தில் ஒரு முகாமில், இன்னொரு குடும்பத்தோடு ஒரே கூடாரத்தில் இருந்தோம். கூடாரத்தின் வாசலில் ஒரு இலக்கம் கறுப்பு மார்க்கரால் எழுதியிருந்தது. கடிதம் எழுதுகிற ஆக்கள் அந்த இலக்கத்துக்குத்தான் எழுதினார்கள். வாசல் என்பதும் ஒரு துணி. ஆரும் தட்டிவிட்டு வர ஏலாது. துணியில் தட்டினால் சத்தம் வராது.

மூத்தவள் பெரியபிள்ளை ஆனது அங்கேதான். அம்மா ஒரு பக்கமும் பக்கத்துக் கூடாரத்து அக்கா மற்றப் பக்கமும் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குள் நின்று உடுப்பு மாற்றினாள். இளையவள் வெளியே காவல் நின்றாள். காற்றடிக்கும்போது சேலை பறக்கும். அம்மா காலால் அதன் விளிம்பை மிதித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் எங்களுக்கு ஞாபகம். சடங்கு, தண்ணி வார்ப்பு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு அது பெரிய கவலை. மூத்தவளுக்கு இருந்த கவலை வேறு. அஞ்சு நிமிசம் ஆரும் பார்க்காமல் இருக்க ஒரு இடம் இருந்தால் போதும் எண்டுதான் அவள் நினைத்தாள்.

ஆகவே மருமகளுக்குக் கதவு வருகிறது எண்டு அண்ணா போனில் சொன்னபோது நாங்கள் அழுதோம். இலக்கம் எழுதின வாசலில் இருந்து வந்தவர்கள் பேர் எழுதின கதவைச் செய்துகொடுக்கப் போகிறோம் என்று எங்களுக்குள் ஒரு கதை ஓடியது. அந்தக் கதை எங்களுடையது. அவளுடையது இல்லை. அவளுக்குப் பேர் ஒருநாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. அவளின் பிரச்சினை, சேலையை விலக்கிப் போனை நீட்டின ரெண்டு பேர்.

சேலைக்குப் பின்னால் நின்றது எப்படி இருக்கும் எண்டு எங்களைவிட நல்லாத் தெரிந்த ஆள் இல்லை. அப்படியிருந்தும் எடுத்தோம். சின்னப் பிள்ளைதானே, பாசத்தில்தானே எடுத்தோம் எண்டு சொல்லலாம். சொல்லிப் பார்த்தோம். சொல்லும்போதே அது சரிவரவில்லை.

அடுத்த நாள் காலையில் குரூப்பிலிருந்து வீடியோவை எல்லாருக்கும் அழிகிற மாதிரி அழித்தோம். "ஏன் அழிச்சனீங்கள், நல்ல வீடியோவெல்லோ" எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டார்கள். பிள்ளைக்கு விருப்பமில்லை எண்டு எழுதினோம். ஒரு மாமா அதைத் தன்ர போனில் இறக்கி வைத்திருந்தார். அவரிடம் தனியே கேட்டோம். அழித்துவிட்டேன் என்றார். நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. மருமகளிடம் போய்ச் சொன்னோம்.

"எல்லாரிட்டயும் அழிஞ்சிட்டுதா?"

"எங்கட குரூப்பில அழிச்சாச்சு. ஆற்றையும் போனில இருக்கா எண்டு தெரியேல்ல குஞ்சு."

அவள் தலையை ஆட்டினாள். பொய் சொல்லாமல் விட்டது நல்லது எண்டு இப்போது நினைக்கிறோம்.

இனிப் பலகை. அது அவள் சொன்ன மாதிரித்தான் செய்ய வேண்டும் எண்டு முடிவெடுத்தோம். ஆனால் அதற்கு முதல் அம்மாவைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

"சின்னப்பிள்ளைக்கு என்ன கதவுச் சட்டம்? நான் ரீ கொண்டு போறதுக்கும் கேட்டிட்டே போறது?" அம்மா கேட்டா. அம்மாவின் கோபத்துக்குள் பயம் இருக்கிறது எண்டு எங்களுக்குத் தெரியும். பூட்டின கதவுக்குப் பின்னால் நல்லது நடக்காது எண்டுதான் அவவின் வாழ்க்கை அவவுக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பிள்ளைகள் கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் உயிரோடு இருக்கிறார்கள் எண்டு அர்த்தம். ஹோலில் படுக்கிற அம்மா இரவில் ரெண்டு தரம் எழும்பி எல்லாரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பா.

எங்கட வீடுகளின் பழக்கமும் அப்படித்தான். பழைய நாற்சார் வீடுகளில்கூட அறைகளுக்குப் பேர் இருந்தது, சாமியறை, நெல்லறை எண்டு. சாமிக்கு ஒரு அறை, நெல்லுக்கு ஒரு அறை. பிள்ளையின் அறை என்று ஒன்று எங்கட கதையில் அவ்வளவாக இல்லை. பேர் எழுதுவது எங்களுக்குப் புதிதில்லை. கலியாண வீட்டுக்கு இரவல் போகிற குடத்திலும் சருவத்திலும் பேர் வெட்டியிருக்கும். கேற்றில் 'நாய் கவனம்' எண்டு இருக்கும், நாய் செத்து ரெண்டு வருசமானாலும். ஆனால் வீட்டுக்கு உள்ளே, எங்களுக்குள்ளேயே, கொஞ்சம் நில் எண்டு சொல்லுகிற பலகை நாங்கள் கண்டதில்லை.

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 16ஆவது உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பற்றியது. மூத்தவள் இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். "ஐ.நா. எங்களுக்கு எப்ப உதவினது" எண்டு அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிட்டா. அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

பிறகு இளையவள் வேறு மாதிரிக் கதைத்தாள். "அம்மா, ஆரும் கேக்காம உள்ளுக்கு வரலாம் எண்டு பிள்ளை பழகினா, வரக்கூடாத ஆள் வந்தாலும் அவள் சத்தம் போடமாட்டாள். கேட்டிட்டு வாறதுதான் முறை எண்டு பழகினா, கேக்காம வாறவனை அவளுக்கு உடன விளங்கும்." அம்மா பதில் சொல்லவில்லை. முருங்கையிலை ஆய்ந்துகொண்டே இருந்தா. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, "கொண்டி போடக்கூடாது. பலகை எண்டா கொழுவட்டும்" என்றா. மருமகளும் ஒத்துக்கொண்டாள். கதவுக்கு உள்பக்கம் கொண்டி இல்லை. இரவில் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். பகலில் பலகை சொல்லுகிறபடி. இதுதான் ஒப்பந்தம்.

மார்கழி விடுமுறைக்குப் போனபோது பலகையைச் செய்யத் தொடங்கினோம். இந்த முறை அவளும் எங்களோடு. கதவு செய்த வேம்பில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. பதினாலு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. சாண்ட் பேப்பரில் முதலில் கரடானது, பிறகு மெல்லியது. நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறு விழும், பெயின்ற் அடித்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். மூலைகளை வட்டமாக்கினோம், ஆற்றையும் கையில் கீறாமல் இருக்க. வேம்புத் தூள் கசக்கும். மருமகள் நாக்கில் பட்டுவிட்டு அரை மணித்தியாலம் துப்பிக்கொண்டு திரிந்தாள்.

ஓட்டை ரெண்டு, மேல் விளிம்பிலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு அங்குலம் விட்டு. விளிம்புக்குக் கிட்டப் போட்டால் பலகை வெடிக்கும். பலகைக்கு ரெண்டு பக்கமும் எழுத்து வரும் என்பதால், முடிச்சு எந்தப் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. ஊஞ்சல் கட்டுகிற மாதிரி, கயிறை ஓட்டைக்குள்ளால் விட்டு, மேலே கொண்டுவந்து, அதே கயிறோடு முடிந்தோம். தும்புக் கயிறுதான். சாட்டின் றிபன் வழுக்கும், நாலு நாளில் ஒரு பக்கம் இறங்கிவிடும். முதல் பலகையில் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

பெயின்ற் விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணாவிடம் கேற்றுக்கு அடித்த பழைய எனாமல் பெயின்ற் மிச்சம் இருந்தது. பிள்ளை தொடுகிற சாமானுக்கு அது வேண்டாம் எண்டு விட்டோம். பழைய எனாமல்களில், முக்கியமாகச் சிவப்பு, மஞ்சள் நிறங்களில், ஈயம் இருக்கக்கூடும். இலங்கையில் பெயின்ற்றில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 2013 முதல் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்கு முந்திய ரின் வீட்டில் கிடந்தால் பிள்ளைகளின் சாமானுக்கு எடுக்காதீர்கள். தண்ணியில் கரைகிற அக்ரிலிக் பெயின்ற் சின்னப் போத்தலில் புத்தகக் கடையிலேயே கிடைக்கும். நாங்கள் நீலமும் வெள்ளையும் வாங்கினோம். நிறம் அவள் தெரிந்தது. ரோஸ் அவளுக்குப் பிடிக்காதாம். இதையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

எழுத்து எந்த மொழியில் எண்டு கேட்டோம். "அப்பம்மா வாசிக்க வேணுமெல்லோ" என்றாள். அம்மாவுக்குத்தான் முக்கியமாக இந்தப் பலகை என்பது அவளுக்கு நல்லாவே தெரிந்திருந்தது.

தமிழ் எழுத்தைப் பலகையில் எழுதுவது நாங்கள் நினைத்த மாதிரி லேசில்லை. முதலில் மட்டையில் எழுத்தை வெட்டி, அதற்கு மேலால் பெயின்ற் அடிக்கலாம் எண்டு பார்த்தோம். சுழி உள்ள எழுத்தை வெட்டினால் சுழிக்குள் இருக்கிற துண்டு கழன்று விழுந்துவிடும். அங்கங்கே சின்னப் பாலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். அது சரிவராமல், அவளையே ஒரு கடுதாசியில் எழுதச் சொன்னோம். கடுதாசிக்குக் கீழே காபன் தாள் வைத்து, அவளின் கையெழுத்தைப் பலகையில் இறக்கினோம். ரெண்டு வரி வந்தது. மேல் வரியின் டுவுக்கு வால் கீழே இறங்கும், கீழ் வரியின் ல்லுக்கும் ங்குக்கும் புள்ளி மேலே ஏறும். ரெண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியைவிடக் கூட விட வேண்டும். ரெண்டாம் முறை எழுதும்போதுதான் அளவு பிடிபட்டது.

அடுத்தடுத்த நாள் மழை. பெயின்ற் காயவில்லை. ஒரு பக்கம் காயாமல் மற்றப் பக்கம் அடிக்க ஏலாது. குசினிக்குள் அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளித் தொங்கவிட்டோம். அப்படித்தான் அம்மா அதை முதல்முதல் ஆறுதலாக வாசித்தா. சோற்றை வடித்துக்கொண்டிருந்தவ திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா.

"ப் எங்க?"

பார்த்தால், 'தட்டிபோட்டு நில்லுங்கோ' எண்டு இருக்கிறது. மூன்று பேரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. ஒருத்தி பல்கலைக்கழகம் வேற. "புலமைப்பரிசில் எழுதப்போற பிள்ளை இப்பிடியே எழுதுறது? கொண்டா தூரிகையை" எண்டு அம்மா கையை நீட்டினா. இடம் இல்லை. டிக்கும் போவுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே தூக்கி, ஒரு சின்ன ப் போட்டு, அதற்குப் புள்ளியும் வைத்துவிட்டா. மற்ற எழுத்தெல்லாம் மருமகளின் கையெழுத்து. அந்த ப் மட்டும் அம்மாவின் கையெழுத்து. திருத்தவேண்டாம், அப்படியே இருக்கட்டும் எண்டு மருமகள் சொன்னாள்.

மற்றப் பக்கத்தில் 'வாங்கோ'. பக்கத்தில் ஒரு பூனை கீறியிருக்கிறாள். வால் கயிற்று ஓட்டை வரைக்கும் போகிறது. பேர் ஒரு பக்கத்திலும் இல்லை.

கொழுவின முதல் இரவே புதுப் பிரச்சினை. யன்னலால் வாற காற்றுக்குப் பலகை ஆடி, கதவில் டொக் டொக் எண்டு இடித்துக்கொண்டே இருந்தது. "ஆர்? ஆர்?" எண்டு அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாளாம். தட்டச் சொல்லி எழுதின பலகை தானே தட்டுகிறது எண்டு அண்ணா சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த நாள் அறுந்த செருப்பு ஒன்றிலிருந்து எட்டுச் சின்ன ரப்பர் துண்டு வெட்டி, ரெண்டு பக்கமும் மூலைகளில் ஒட்டினோம். சத்தம் நின்றுவிட்டது.

ஆணி எவ்வளவு உயரத்தில் அடிப்பது எண்டும் ஒரு கதை. அண்ணா தன்ர கண் மட்டத்தில் அடிக்கப் போனார். அவள் மறித்தாள். கதிரை வைத்து ஏறாமல் அவளே பலகையைக் கழற்றித் திருப்பிக் கொழுவ வேண்டும். ஆகவே நிலத்திலிருந்து மூன்றரை அடி. பெரிய ஆக்கள் கொஞ்சம் குனிந்துதான் வாசிக்க வேண்டும். ஆருக்கும் முதுகு நோகவில்லை.

எல்லாம் சரியாக நடக்கிறது எண்டு சொல்லமாட்டோம். அண்ணி மடித்த உடுப்போடு மறந்துபோய் உள்ளே போய்விடுவா. அண்ணா தட்டுவார், ஆனால் தட்டிக்கொண்டே கதவைத் திறப்பார். மருமகளும் சில நாள் பலகையைத் திருப்ப மறந்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஒருநாள் அம்மா வெறும் அறைக்கு முன்னால் ரீயோடு நின்றிருக்கிறா. அம்மா தட்டமாட்டா. "என்ர வீட்டுக் கதவை நான் ஏன் தட்டுவான்? கூப்பிடுவன்" எண்டு சொல்லிவிட்டா. "கூப்பிட்டிட்டு நிண்டா சரி" எண்டு மருமகள் அதையும் ஒத்துக்கொண்டாள். அம்மா "பிள்ளை" எண்டு கூப்பிட்டுவிட்டு நிற்கிறா. இரவில் எண்ணிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அதற்குத்தான் கதவு பாதி திறந்திருக்கிறது.

தைப்பொங்கலுக்குப் போனபோது பலகை 'தட்டிப்போட்டு நில்லுங்கோ' பக்கம் இருந்தது. உள்ளே பாட்டுச் சத்தம். பிறகு ஒரு கோபக்கார நடுவரின் குரல். நாங்கள் போன்களை விறாந்தையில் வைத்துவிட்டு வந்து, ஒருக்கால் தட்டினோம். பாட்டு நின்றது. "ஆர்?" "பெரிய மாமியும் சின்ன மாமியும்." "நில்லுங்கோ." நின்றோம். நடுவர் மார்க் சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்றோம். எட்டு மார்க்தான் கிடைத்தது.

இதை வாசிக்கிற உங்களில் கனபேர் மாமிமார், சித்திமார், மாமாமார், அக்காமார். உங்களிடமும் போன் இருக்கிறது, வீட்டில் ஒரு சின்ன ஆள் இருக்கும். பலகை செய்வதாக இருந்தால் பேரை எழுதத் தொடங்குவதற்கு முதல், என்ன எழுத வேண்டும் எண்டு கேளுங்கள். கதவு இல்லாத வீடென்றால் சேலையில்கூட ஒரு மட்டையைக் குத்தலாம். துணியில் தட்ட ஏலாது, ஆனால் வெளியில் நின்று கூப்பிடலாம். அம்மா செய்கிற மாதிரி.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முதல் மருமகளுக்கு முழுக்க வாசித்துக் காட்டினோம். துவாய்க் கதை இருக்கலாமா எண்டு கேட்டோம். யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றாள். பேர் வேண்டாம், படம் வேண்டாம் என்றாள். அவள் பாடின பாட்டு எது எண்டு ஒரு வரி எழுதியிருந்தோம். அதை எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டோம்.